இடது பின்சக்கரம்

அப்பா இறந்தபின் எனக்கு என்று வந்தது அந்த மோரிஸ் மைனர் கார் ஒன்றுதான். வீடு தம்பிக்கு, நகை எனக்கு என்பதுதான் பெரியவர்கள் பேசி வைத்திருந்தது. நான் நகை வேண்டாம், கார் போதும் என்றேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "ஊர்ல எந்தப் பொம்பளப் பிள்ளையாவது வளையல விட்டுட்டு டயரக் கேப்பாளா?" என்றாள். எனக்குக் கார் ஓட்டப் பிடிக்கும், அவ்வளவுதான். மலை எஸ்டேட்டிலிருந்து சீமைக்குத் திரும்பிய ஒரு துரையிடம் அப்பா வாங்கிய வண்டி அது. பாலாடை நிறம். கதவைச் சாத்தினால் பெட்டகத்தை மூடியதுபோல ஒரு கனமான சத்தம் வரும்.

பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் நான் அறிவியல் ஆசிரியை. என் கணவர் வங்கியில் காசாளர். அவருக்கு சைக்கிள் தவிர வேறு எதுவும் ஓட்டத் தெரியாது. தெரியாததைப் பற்றி அவருக்கு வெட்கமும் கிடையாது. நான் ஓட்ட, அவர் பக்கத்தில் உட்கார்ந்து வருவார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் பக்கம் அது கொஞ்சம் வேடிக்கையான காட்சிதான். சர்ச் வாசலில் நான் வண்டியை நிறுத்தும்போது பையன்கள் கைதட்டுவார்கள். நான் பொருட்படுத்தியதில்லை.

நான் மகளை வயிற்றில் சுமந்திருந்த சமயம் வண்டியின் பின்பக்கத்திலிருந்து ஒரு உறுமல் கேட்க ஆரம்பித்தது. வேகம் கூடக்கூட அதுவும் கூடும். அப்பா காலத்திலிருந்து வண்டியைப் பார்த்துவந்த வண்ணார்பேட்டை மெக்கானிக் அண்ணாச்சி பின்சீட்டில் உட்கார்ந்து காதைச் சாய்த்துக்கொண்டே கொஞ்ச தூரம் வந்தார். "பின்னால ஆக்ஸில் பேரிங் தேஞ்சு போச்சும்மா. ரெண்டு பக்கமும் மாத்திருங்க. இங்கன கெடைக்காது, மெட்ராஸ்லதான் பாக்கணும்" என்றார். பள்ளிக்கூடம் என்னைப் பயிற்சி வகுப்புக்காக மெட்ராஸ் அனுப்பியபோது, வயிற்றைத் தூக்கிக்கொண்டு பழைய கார் சாமான் விற்கிற தெருவில் கடை கடையாக ஏறி இறங்கினேன். கடைசியில் ஒரு கடையில் ஜப்பானில் செய்த பேரிங்குகள் அந்த அளவில் இருந்தன. மெழுகுத்தாள் சுற்றி, மஞ்சள் அட்டைப்பெட்டிகளில் போட்டுக் கொடுத்தார்கள். ரயிலில் வரும்போது ஒரு பெட்டியைத் திறந்து, பேரிங்கை விரலில் மாட்டிச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டே வந்தேன். சத்தமே இல்லாமல் சுற்றியது.

பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போனேன். தம்பி அப்போது பாலிடெக்னிக் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தான். எனக்கும் அவனுக்கும் ஒன்றரை வயதுதான் வித்தியாசம். சின்ன வயதில் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள் என்று சொல்வார்களே, நாங்கள் நிஜமாகவே அப்படி வளர்ந்தவர்கள். பேரிங்குகளையும் கார் சாவியையும் அவன் கையில் கொடுத்தேன்.

"அண்ணாச்சி கடையில கொண்டு விட்டு, பக்கத்துல நின்னு மாத்தி எடுத்துட்டு வந்துருலே."

"நீ பிள்ளையப் பெத்து எடு, நான் வண்டியப் பாத்துக்கிடுதேன்" என்றான்.

அந்த வாரத்தில் மகள் பிறந்தாள். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்தபோது வாசலில் கார் கழுவித் துடைத்து நின்றது. கண்ணாடியில் முகம் பார்க்கலாம். "ரெண்டு பக்கமும் மாத்தியாச்சுக்கா. பட்டு மாதிரி ஓடுது" என்றான். குழந்தையைத் தூக்கி அவன் மடியில்தான் முதலில் வைத்தேன்.

சில மாதங்கள் கழித்து நான் மறுபடி வண்டியை எடுத்தபோது அந்த உறுமல் அப்படியே இருந்தது. கேட்டேன். "புது பேரிங் கொஞ்சம் பழகணும்க்கா. அதுவும் போக, அது டயர் சத்தம்" என்றான். மெக்கானிக் அண்ணாச்சியும் அதற்குள் கடையை மூடிவிட்டு மகனோடு தூத்துக்குடிக்குப் போய்விட்டார். வேறு யாரிடமும் நான் கேட்கவில்லை. தம்பி பக்கத்தில் நின்று மாற்றியது, அவனுக்குத் தெரியாதா?

அம்பாசமுத்திரத்தில் இருந்த சித்தியைப் பார்க்க மகளை மாமியாரிடம் விட்டுவிட்டு அம்மாவும் நானும் போன அன்று காலையில் மழை பெய்து விட்டிருந்தது. வீரவநல்லூர் தாண்டி, கல்லிடைக்குறிச்சிக்கு முன்னால், ரெண்டு பக்கமும் நடவு முடிந்த வயல். ஆடுகள் சாலையில் ஏறின. தூரத்திலேயே பார்த்துவிட்டேன். பிரேக்கை மிதித்தேன். வண்டி நிற்பதற்குப் பதில் வலப்பக்கமாகத் திரும்பியது. நான் ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தது நன்றாக நினைவிருக்கிறது. வண்டி கேட்கவில்லை. சாலையின் குறுக்கே போய்ச் சிறுபாலத்துக் கைப்பிடிச் சுவரில் மோதி நின்றது. முன்சீட்டில் இருந்த அம்மா கையை முன்னால் ஊன்றியிருந்தாள். வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. வயலில் நின்றவர்கள் ஓடிவந்து, அவளை ஒரு வேனில் ஏற்றிவிட்டார்கள்.

மறுநாள் சாயங்காலம் சொந்தக்காரர்கள் எல்லோரும் மருத்துவமனைக்கு வந்தார்கள். தம்பிக்குப் பெண் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. பெண்ணின் அப்பாவும் ஆப்பிள் பழம் வாங்கிக்கொண்டு வந்திருந்தார். என்ன ஆயிற்று என்று அவர் கேட்டார். நான் சொல்ல ஆரம்பித்தேன். "பிரேக்க மிதிச்சதும் வண்டி இழுத்துருச்சு" என்றேன். தம்பி இடையில் புகுந்தான்.

"வண்டியில ஒரு குறையும் கெடையாது. பின்னாடி எல்லாம் நான் புதுசா மாத்துனது. அக்காட்ட எத்தன தடவ சொல்லியிருக்கேன், பைய ஓட்டுன்னு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவன் குரலில் கோபம் இல்லை. வருத்தம்தான் இருந்தது. அந்த வருத்தம்தான் என் வாயை அடைத்துவிட்டது. கட்டிலில் படுத்திருந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

அதற்குப்பின் நான் வண்டியைத் தொடவில்லை. தம்பி யாரையோ வைத்து மட்கார்டைத் தட்டி நிமிர்த்தி, முன்விளக்கை மாற்றி எங்கள் வீட்டு வேப்பமரத்தடியில் கொண்டுவந்து நிறுத்தினான். பின்சக்கரத்தை யாரும் கழற்றிப் பார்க்கவில்லை. எதற்குப் பார்க்க வேண்டும், அதுதான் புதியதாயிற்றே.

எனக்கு நடந்தது இன்னொன்று. எவ்வளவு வேகத்தில் வந்தேன் என்பது எனக்கே மெல்ல மெல்ல மாறிப்போனது. முதலில் நிதானமாகத்தான் வந்தேன் என்று உறுதியாகச் சொன்னேன். பிறகு, கொஞ்சம் வேகமாகத்தான் வந்திருப்பேனோ என்று தோன்றியது. சில மாதங்கள் போனபின் நான் வேகமாக வருவதையே மனக்கண்ணில் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். ஆடுகளைக் கடைசி நிமிடத்தில் பார்ப்பதுபோலவே ஞாபகம் வந்தது. அம்மா இடது கையால் சோறு பிசைவதைப் பார்க்கும்போதெல்லாம் எழுந்துபோய் அடுக்களையில் நின்றுகொள்வேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வீட்டில் குடும்ப ஜெபம் நடக்கும். கட்டு அவிழ்த்தும் நேராகாத அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு, "ஆண்டவரே, என் மகளுக்கு நிதானத்தையும் பொறுமையையும் தாரும்" என்று அம்மா ஜெபிப்பாள். பக்கத்தில் தம்பி தலைகுனிந்து "ஆமென்" சொல்வான். நானும் சொல்வேன்.

தம்பிக்குக் கல்யாணம் நடந்தது. வேலையும் கிடைத்தது. அடுத்த வருஷம் என் கணவரைச் சேரன்மகாதேவிக்கு மாற்றினார்கள். ரெண்டு பஸ் மாறிப் போய்விட்டு, திரும்பி வரும்போது துவைத்துக் காயாத சட்டைபோல வருவார். ஒருநாள் மரத்தடியில் நின்று காரைப் பார்த்துக்கொண்டே, "ஏளா, இத நீ ஓட்டலைன்னா நான் கத்துக்கிடுதேன். சும்மா நின்னு துருப்பிடிக்கதுக்கு ஓடட்டுமே" என்றார். குனிந்து பார்த்தேன். இடது பின்சக்கரத்தின் உட்புறத்திலிருந்து ஆயில் கசிந்து, கீழே மண் கறுத்துக் கிடந்தது.

ஆயில் சீல் போயிருக்கும், அதை மட்டும் மாற்றினால் போதும் என்றுதான் நினைத்தேன். தம்பியிடம் கேட்கக் கூச்சமாக இருந்தது. அப்பா வைத்திருந்த ரிப்பேர் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். அதில் படம் போட்டு வரிசையாக எழுதியிருந்தது. பள்ளிக்கூடத்தில் என்னோடு வேலை பார்த்த டீச்சரின் வீட்டுக்காரர் பஸ் கம்பெனி ஷெட்டில் இருந்தார். அவர் பெரிய ஸ்பானரும், சக்கரத்து நடுப்பாகத்தை இழுத்துக் கழற்றுகிற புல்லரும் இரவல் கொடுத்தார். சனிக்கிழமை காலையில் மகளை மாமியாரிடம் விட்டுவிட்டு நானும் என் கணவரும் வேலையை ஆரம்பித்தோம்.

முன்சக்கரங்களுக்குக் கல் வைத்தோம். ஜாக்கியில் தூக்கி, ஆக்ஸிலுக்கு அடியில் தடித்த மரக்கட்டைகளை அடுக்கினோம். சக்கரத்தைக் கழற்றி, பிரேக் டிரம்மைத் தட்டி எடுத்ததும் உள்ளே ஆயில் வழிந்து நின்றது. பிரேக் ஷூ ரெண்டும் எண்ணெயில் ஊறப்போட்ட வடைபோல இருந்தன. "இதுல எப்படி பிரேக் பிடிக்கும்?" என்று அவர் கேட்டார். இடப்பக்கம் பிடிக்காமல் வலப்பக்கம் மட்டும் பிடித்தால் வண்டி எந்தப் பக்கம் இழுக்கும் என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கேட்டால்கூடச் சொல்லிவிடுவார்கள். ஆனாலும் நான் அப்போது நினைத்தது, விபத்துக்குப் பின்னால் நின்றே கிடந்ததால் சீல் கெட்டிருக்கும் என்றுதான். தம்பியைச் சந்தேகிக்க எனக்கு இன்னும் தோன்றவில்லை.

ஆக்ஸில் தண்டை உருவினோம். மிச்ச ஆயில் தாம்பாளத்தில் கொட்டியது. அதற்கு உள்ளே ஒரு பெரிய நட்டு. அது தானாகக் கழன்றுவிடாதபடி ஒரு தகட்டு வாஷரின் நாக்கை அதன்மேல் மடித்து வைத்திருப்பார்கள். அந்த நாக்கை உளியால் நிமிர்த்திவிட்டுத்தான் நட்டைத் திருக முடியும் என்று புத்தகம் சொன்னது. நான் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தேன். கருங்கல்போல இறுகிய அழுக்கு. அதன் அடியில் அந்த நாக்கு ஒரு கீறல்கூட இல்லாமல், முதன்முதலில் மடித்தவர் மடித்தபடியே இருந்தது.

அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

"என்னளா?"

"இத யாரும் தொட்டதே இல்ல."

அவருக்குப் புரியவில்லை. நான் உளியை வைத்துத் தட்டினேன். நட்டை அவர் திருகப் பார்த்தார், அசையவில்லை. ஸ்பானரில் ஒரு இரும்புக் குழாயைச் செருகி ஏறி நின்று பார்த்தார். பிறகுதான் புத்தகத்தில் கீழே சிறிய எழுத்தில் இருந்ததைப் படித்தேன். இடப்பக்கத்து நட்டுக்கு மட்டும் மரை எதிர்ப்பக்கமாக வெட்டியிருக்கும். மாற்றித் திருகியதும் கிறீச்சென்று ஒரு சத்தத்தோடு விட்டுக்கொடுத்தது. புல்லரைப் போட்டு இழுத்தோம். சக்கரத்தின் நடுப்பாகம் பேரிங்கோடு கழன்று என் மடியில் வந்து விழுந்தது. பேரிங்கை விரலால் சுற்றினேன். உள்ளே மணலைப் போட்டு அரைப்பதுபோல இருந்தது. மேல்விளிம்பைத் துடைத்தேன். பொடி எழுத்தில் 'இங்கிலாந்து' என்று ஆங்கிலத்தில் பதித்திருந்தது. நான் மெட்ராஸிலிருந்து கொண்டுவந்ததில் 'ஜப்பான்' என்றல்லவா இருந்தது.

"அந்தப் பக்கமும் கழத்துங்க" என்றேன்.

மதியச் சாப்பாட்டுக்குக்கூட எழவில்லை. வலப்பக்கமும் கழற்றினோம். அங்கேயும் அதே தொடாத வாஷர், அதே இங்கிலாந்து. தேய்ந்த பேரிங் ஆடியாடித்தான், விபத்துக்கு முன்னாலேயே, இடப்பக்கத்து சீலைக் கிழித்து ஆயிலைப் பிரேக்குக்கு விட்டிருக்கிறது. அவர் கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்.

"அப்ப நீ வேகமா வரல."

அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் இத்தனை நாளும் அவரும் அதைத்தான் நம்பிக்கொண்டிருந்தார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஒருநாளும் என்னை ஒரு வார்த்தை சொன்னவர் இல்லை. மரத்தடியிலேயே உட்கார்ந்து அழுதேன். ஆயில் கையால் முகத்தைத் துடைத்தேன்போல, மாமியார் வந்து பார்த்துவிட்டு அலறிவிட்டார்.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் அம்மா வீட்டுக்குப் போனேன். தம்பி மனைவியோடு மாமனார் வீட்டுக்குப் போயிருந்தான். அம்மா தனியாக இருந்தாள். நான் இடப்பக்கத்துப் பழைய பேரிங்கைத் தட்டிக் கழற்றி, துணியில் சுற்றி எடுத்துப் போயிருந்தேன். மேஜையில் வைத்தேன். அது என்ன என்று அம்மாவுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் அவள் அதைப் பார்த்துவிட்டு, என்ன என்று கேட்கவே இல்லை.

"உனக்குத் தெரியுமாம்மா?"

அம்மா எழுந்து உள்ளே போனாள். அலமாரி திறக்கிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது அவள் இடது கையில் மஞ்சள் அட்டைப்பெட்டிகள் இருந்தன. ரயிலில் நான் பிரித்து மறுபடி சுற்றிய மெழுகுத்தாள்கூட அப்படியே இருந்தது. சேலைகளுக்கு அடியில் கிடந்ததால் பாச்சை உருண்டை வாசம் அடித்தது.

"கடை பூட்டிக் கெடந்துருக்கு. கூட்டாளிமாரு குத்தாலத்துக்குப் போவோம்னு கூப்பிட்டிருக்கானுவ. வந்து மாத்திக்கிடலாம்னு போயிட்டான். அப்புறம் உங்கிட்ட சொல்லப் பயந்துட்டான்" என்றாள்.

"எப்பம் சொன்னான் உன்ட்ட?"

"ஆஸ்பத்திரியில. மக்கா நாள் காலையில. எங் கட்டில் பக்கத்துல உக்காந்து அப்படி அழுதான்."

விபத்துக்கு மறுநாள் காலை. அன்று சாயங்காலம்தான் அவன் ஆப்பிள் பழத்தோடு வந்த பெண்ணின் அப்பா முன்னால் நின்று என்னைப் பைய ஓட்டச் சொன்னதைப் பற்றிப் பேசினான். அம்மா கண்ணை மூடிப் படுத்திருந்தாள்.

"ஒரு வருஷமா நான் என்ன பாடு படுதேன்னு பாத்துட்டுதான இருந்த?"

"கல்யாணம் பேசிட்டிருந்த நேரம்ட்டி. பொய் சொல்லி அம்மா கைய ஒடிச்சவன்னு தெரிஞ்சா எவன் பொண்ணு குடுப்பான்? நீ கெட்டிக்குடுத்துப் போனவ. வீடும் புருஷனும் இருக்கு. நீ தாங்கிக்கிடுவ. அவன் தாங்க மாட்டான்."

"அப்ப அந்த ஜெபம்?"

அம்மா கோணிப்போன மணிக்கட்டை இடது கையால் தடவிக்கொண்டிருந்தாள். நான் பெட்டிகளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். தம்பி செய்தது சோம்பேறித்தனம், பயம். அதை என்னால் விளங்கிக்கொள்ள முடிந்தது. ஆனால் அம்மா யோசித்து, ரெண்டு பிள்ளைகளையும் தராசில் வைத்துப் பார்த்து, ஒன்றை எடுத்திருக்கிறாள். என் பலத்தையே காரணமாகக் காட்டி என்னைக் கைவிட்டிருக்கிறாள். அதை எனக்கு எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அடுத்த சனிக்கிழமை வேலையை முடித்தோம். வலப்பக்கத்துப் பழைய பேரிங்கையும் குழாய் வைத்துத் தட்டி எடுத்துவிட்டு, புதியதில் கிரீஸை அடைத்து, விளிம்பில் மரத்துண்டை வைத்து, கோணாமல் சுற்றிச் சுற்றி மெல்லத் தட்டி இறக்கினோம். "பைய, பைய" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். புது ஆயில் சீல், புது பிரேக் ஷூ. தடித்த காகிதத்தில் நானே வெட்டிய கேஸ்கட். நட்டை இறுக்கி, புது வாஷரின் நாக்கை மடித்தேன். மடிக்கும்போது எனக்கு ஆத்திரம்தான் வந்தது. இது ஒரு சனிக்கிழமை வேலை. இதைச் செய்யாததற்கு அம்மாவின் கையும் என் ஒரு வருஷமும் போயிருந்தன.

அன்று மாலையே வண்டியை எடுத்தேன். ஆற்றுப்பாலம் வரை போய்த் திரும்பினோம். எஞ்சின் சத்தமும் காற்றும் தவிர வேறு எதுவும் கேட்கவில்லை. வெறிச்சோடிய ஒரு இடத்தில் வேண்டுமென்றே பிரேக்கை அழுத்தி மிதித்தேன். நேராக நின்றது.

அம்மா சொல்லித் தம்பி வந்தான். "எக்கா, தப்புதான். எல்லார்ட்டயும் நானே சொல்லிருதேன், எனக்குக் கொஞ்சம் நேரம் குடு" என்றான். கொடுத்தேன். மாதங்கள் போயின. கிறிஸ்துமஸ் முடிந்து சித்தி வீட்டில் எல்லோரும் கூடினோம். நானும் என் கணவரும் மகளும் காரில் போயிருந்தோம். சாப்பாட்டுப் பந்தியில் சித்தி சிரித்துக்கொண்டே, "திரும்பிப் போறப்ப பாத்து ஓட்டுளா. ஆடு மாடெல்லாம் உனக்குப் பயந்து கெடக்கு" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் தம்பியைப் பார்த்தேன். அவன் இலையைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தேன். அவளும் இலையைப் பார்த்தாள்.

நானே சொல்லிவிட்டேன். குரலை உயர்த்தவில்லை. பேரிங் மாற்றவே இல்லை, நாங்கள் கழற்றிப் பார்த்தோம், புதியவை அம்மாவின் அலமாரியில் இருந்தன. அவ்வளவுதான் சொன்னேன்.

சித்திதான் கேட்டாள். "ஏலே, நெசமாவா?"

"அப்பம் இருந்த அலைச்சல்ல மறந்து போச்சு சித்தி" என்றான். மறந்து போச்சு. அவன் மனைவியின் முகம் சிவந்துவிட்டது. அம்மா, "சாப்புடுற எடத்துல எதுக்குட்டி இந்தப் பேச்சு? நடந்து எம்புட்டு நாளாச்சு" என்றாள். உடனே ஆளாளுக்கு, ஆமா, விடு, கூடப்பிறந்தவன்தானே, பாவம், வேணுமின்னா செஞ்சான் என்று ஆரம்பித்தார்கள். சித்தி அவன் இலையில் இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றினாள். எனக்கு ஊற்ற மறந்துவிட்டாள்.

கிளம்பும்போது அம்மா வழக்கம்போல முன்சீட்டுக் கதவைத் திறந்தாள். "நீ தம்பி கூட பஸ்ல வாம்மா" என்றேன். அவள் கொஞ்ச நேரம் கதவைப் பிடித்தபடி நின்றாள். பிறகு சாத்திவிட்டுப் போனாள். கல்லிடைக்குறிச்சி வந்ததும் என் கணவர், "சவத்த விடு" என்றார்.

விடத்தான் செய்தேன். பண்டிகைக்குப் போனேன், வந்தேன். அம்மாவுக்கு மழைக்காலத்தில் கை வலி எடுக்கும்போது தைலம் தேய்த்துவிட்டேன். ஆனால் ஒரு விஷயத்தையும் அதற்குப்பின் அவர்களிடம் கேட்டுச் செய்ததில்லை. அந்தப் பத்தாண்டின் கடைசியில் எங்களுக்குத் திருச்சிப் பக்கம் மாற்றலாகியபோது, பழைய வண்டிகள்மேல் ஆசை உள்ள நாகர்கோவில் டாக்டர் ஒருவருக்குக் காரைக் கொடுத்துவிட்டேன். கொடுத்த மறுவாரம் தம்பி ஃபோன் செய்தான்.

"அப்பா வண்டிக்கா. குடுக்கதுக்கு முன்னால எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லணும்னு உனக்குத் தோணவே இல்லியா?"

அவனுக்கு உண்மையிலேயே வருத்தம்தான். அது எனக்குக் கேட்டது.

"இல்லலே, தோணல" என்றேன்.